தரகர் கையிலுள்ள பங்கு யாருடையது?

நெசவாளர் சங்கங்களிலும் விற்பனைச் சங்கங்களிலும் உள்ள அங்கத்தினர் பலரின் பிள்ளைகள் இன்று கைப்பேசி வழியே கம்பெனிப் பங்குகளை வாங்குகின்றனர். நாட்டில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமாட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. ஆய்வுக்குச் செல்லுமிடங்களில், ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து மூடியதும் இதைப் பற்றியே நம்மிடம் பேச்செடுக்கின்றனர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கச் செபி இருக்கிறதே, அது சிறு முதலீட்டாளரைக் காக்குமா என்பதே கேள்வி. கேட்போர் குரலில் நம்பிக்கையைவிட ஐயமே மிகுதி. அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. 2019-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைக் கொண்டு இதை விளக்க முயல்வோம்.

முதலில் நமக்குப் பழக்கமான கிடங்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மஞ்சள் விவசாயி 20 மூட்டைகளைக் கிடங்கில் வைத்து ரசீது பெறுகிறார். விலை ஏறியதும் விற்றுத் தரும்படி எழுதிக் கையொப்பமிட்டும் கொடுக்கிறார். கிடங்குக்காரர் அந்தக் கையொப்பத்தின் பலத்தில் மூட்டைகளைத் தம் பெயரிலுள்ள அறைக்கு மாற்றி, அவை தம் சரக்கே என்று சொல்லி வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியின் கையிலுள்ள ரசீதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூட்டைகளோ வேறொருவர் கடனுக்குக் கட்டுப்பட்டுவிட்டன.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் விவகாரம் ஏறத்தாழ இத்தகையதே. பங்குகளை விற்கும்போது எளிதாய் எடுத்துக் கொடுப்பதற்காக, வாடிக்கையாளர் தரகருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்த அதிகாரத்தைத் தவறாய்க் கையாண்டு, வாடிக்கையாளரின் பங்குகள் நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டு ஈடு வைக்கப்பட்டன என்பதே குற்றச்சாட்டு. 95,000-க்கு மேற்பட்டோரின் சுமார் ரூ.2,300 கோடி மதிப்புள்ள பங்குகள் இவ்வாறு அடமானத்தில் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2016 ஏப்ரல் முதல் 2019 அக்டோபர் வரை, நிறுவனம் தன் குழுமத்தைச் சேர்ந்த நில வியாபாரக் கம்பெனிக்கு ரூ.1,096 கோடி மாற்றியதாகச் செபியின் ஆணை கூறியது. அந்த ஆணை 2019 நவம்பர் 22 அன்று பிறந்தது. புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவும், அதிகாரப் பத்திரங்களைப் பயன்படுத்தவும் அது தடை விதித்தது. டிசம்பர் தொடக்கத்தில் 80,000-க்கு மேற்பட்டோரின் பங்குகள் அவரவர் கணக்குக்குத் திரும்பின. ஈட்டின்பேரில் கடன் கொடுத்த வங்கிகளோ, நாங்கள் நல்லெண்ணத்தில் கொடுத்தோம், எங்கள் ஈட்டை எப்படிப் பறிக்கலாம் என்று வழக்காடின. அவர்கள் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை.

இதில் சிறு முதலீட்டாளர் சொல்லும் குறை கவனிக்கத்தக்கது. விதி இல்லை என்பதன்று அவர்கள் குறை. வாடிக்கையாளரின் பங்கைத் தரகர் தம் கடனுக்கு ஈடு வைத்தலாகாது என்று 2019 ஜூனிலேயே செபி சுற்றறிக்கை விடுத்திருந்தது. விதி ஏட்டில் இருந்தது. மீறப்படுவது உடையவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நவம்பரில் வந்த ஆணையைக் கண்ணிழந்த பின் செய்யும் சூரிய நமஸ்காரம் என்று அவர்கள் சொன்னதில் வியப்பில்லை.

நம் சங்கங்களிலும் இதைக் காண்கிறோம். ஆண்டறிக்கையின் ஐந்தொகையை வரிவரியாய்ப் படிக்கும் நெசவாளர் அரிது. ஆனால் தம் பாஸ் புத்தகத்தில் சிக்கன நிதி வரவு ஒரு மாதம் விடுபட்டிருந்தால் அதைக் காணாதவர் ஒருவருமில்லை. ஆய்வாளர் ஆண்டுக்குச் சில முறை வருவார்; பாஸ் புத்தகத்துக்கு உடையவர் நாள்தோறும் ஆய்வாளர்.

2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஈட்டு முறையை இந்தக் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். இப்பொழுது தரகரிடம் ஈடு காட்டுவதற்காகப் பங்கு அவர் கணக்குக்குப் போவதில்லை. உடையவரின் கணக்கிலேயே இருந்து, அதன்மீது ஈட்டுக் குறிப்பு மட்டும் ஏறுகிறது. அதற்கும், பங்குகளைப் பதிந்து வைத்திருக்கும் டெபாசிட்டரி உடையவரின் கைப்பேசிக்கு நேரே இரகசிய எண் அனுப்பி, அவர் சம்மதம் பெறல் வேண்டும். அதிகாரப் பத்திரத்தின் எல்லையும் 2022-இல் குறுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் எண் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளும் முதலீட்டாளரும் உண்டு. அந்தச் சலிப்பு மலிவான விலையே என்பது நம் கருத்து.

வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் செய்யப்படும் எல்லாம் இவ்வளவு பயன்படுவதாய்ச் சொல்வதற்கில்லை. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர வணிகத்தில் பத்தில் ஒன்பது தனிநபர்கள் நஷ்டமடைகின்றனர் என்ற எச்சரிக்கையைத் தரகர்கள் காட்டவேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதி உண்டு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வோ, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டனர் என்றும், அவர்களின் மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் காட்டிற்று. பலகையைப் படித்தவர் தம்மை மீதி ஏழு பேரில் ஒருவராகவே எண்ணிக்கொள்கிறார். ஊர் முழுவதற்குமான கணக்கு வேறு. தம் பெயரில் ஒரு வரி குறைந்திருப்பதைக் காண்பது வேறு.

ஆகவே, பங்கு வைத்திருக்கும் அங்கத்தினர் தரகர் அனுப்பும் பட்டியலோடு நின்றுவிடலாகாது. அது தரகரின் சொல். என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரு டெபாசிட்டரிகளும் நேரே அனுப்பும் கணக்கு அறிக்கையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கிலுள்ள கைப்பேசி எண் தம்முடையதுதானா, ஏஜெண்டுடையதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரகசிய எண் பிறர் கைப்பேசிக்குச் சென்றால் மேற்கூறிய பாதுகாப்பு யாவும் வீணே. குறையிருப்பின் செபியின் ஸ்கோர்ஸ் என்ற முறையில் புகார் பதியலாம்.

பங்கு இவ்வாறு கண்ணுக்குத் தெரிகிறது. பங்கு வாங்குவதற்காகத் தரகரிடம் முன்கூட்டிச் செலுத்தும் பணம் அவ்வளவு தெளிவாய்த் தெரிவதில்லை. அப்பணத்தைத் தம் வங்கிக் கணக்கிலேயே நிறுத்தி வைத்து வணிகம் செய்யும் வசதி 2024 ஜனவரியில் தொடங்கிற்று. விரும்புவோருக்கு மட்டுமே என்ற நிலையில் தொடங்கிய அவ்வசதி தம் தரகரிடம் உண்டா என்று கணக்குத் தொடங்கும் முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.