வைத்தியக் கடனும் உதவிப் பணமும்
எந்த வேளையில், எந்தக் கையில் கொடுத்தால் குடும்பம் தப்பும்?

எமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் அங்கே எவரும் பணம் கேட்பதில்லை. அப்படியிருந்தும், வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததால் கடனாளியான குடும்பங்களை நாம் ஊர் ஊராகக் காண்கிறோம். இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது? தருமமாகக் கிடைக்கும் பணத்தால் அதை எவ்வாறு குறைக்கலாம்? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடன் பிறக்கும் இடம்

கடன் வைத்தியசாலைக்கு உள்ளே பிறப்பதில்லை. அதற்குப் போகும் வழியிலும், வாசலுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையிலும், ஆள் இல்லாத வயலிலும் பிறக்கிறது.

முதலாவது, பயணம். இருதயம், புற்றுநோய், சிறுநீரகம் போன்ற பெரிய நோய்களுக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்புகிறார்கள். மட்டக்களப்பு கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அதிகம். நோயாளி தனியாகப் போக முடியாது. துணைக்குப் போகிறவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் வேண்டும். ஒருமுறை போனால் போதாது, கிளினிக் திகதிதோறும் போக வேண்டும்.

இரண்டாவது, வெளியே வாங்கும் மருந்தும் பரிசோதனையும். மருந்து கையிருப்பில் இல்லையென்றால் துண்டில் எழுதித் தருகிறார்கள். ஸ்கேன் எடுக்க நீண்ட நாள் காத்திருக்க வேண்டுமென்றால் தனியார் நிலையத்துக்கு ஓடுகிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இந்தச் செலவு எவ்வளவு பெரிதாகியது என்பதை எல்லோரும் அனுபவித்தோம்.

மூன்றாவது, இழந்த உழைப்பு. இதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. பெரும்போகத்தில் விதைப்பு நாளில் கணவன் வாட்டில் படுத்திருந்தால் அந்தப் போகமே போய்விடுகிறது. மனைவி துணைக்கு நின்றால் அவளுடைய கூலியும் போகிறது.

இடம்பெயர்ந்தோரின் சுமை

இதே நோய் சொந்த வயலுள்ள ஒருவருக்கு வந்தால் அவர் வயலை ஈடு வைப்பார், அல்லது விளையப்போகும் நெல்லைக் காட்டி முற்பணம் வாங்குவார். அதுவும் நட்டம்தான். ஆனால் திரும்பிவர ஒரு வழி இருக்கிறது.

1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் வயலை விட்டு வந்தவருக்கும், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வீட்டோடு உறுதியையும் அடையாள அட்டையையும் இழந்தவருக்கும் அந்த வழி இல்லை. காட்டுவதற்குக் காணி இல்லாதவர் காதிலும் கழுத்திலும் இருப்பதை அடகு வைக்கிறார். அது முடிந்ததும் மாதவட்டிக்கு வாங்குகிறார், அல்லது பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் எடுக்கிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் பிணை நின்ற மற்றவர்கள் கட்ட வேண்டும். இவ்வாறு ஒரு வீட்டின் நோய் ஐந்து வீடுகளின் கடனாகிறது, அயலவரிடையே பகையும் மூள்கிறது. தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் இந்தக் கதை ஒன்றுதான்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. உதவி கொடுப்போர் பெயர்ப்பட்டியலைப் பார்த்தே கொடுக்கிறார்கள். இடம்பெயர்ந்தவரின் பெயர் பழைய ஊர்ப் பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கும், புதிய ஊர்ப் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது. உதவி மிக அவசியமானவரே இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

காலம் தாழ்த்திய தருமம்

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் சத்திரசிகிச்சைப் பயணத்துக்கும் பரிசோதனைகளுக்குமாக 60,000 ரூபாவை நூற்றுக்கு ஐந்து மாதவட்டிக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபா வட்டி. இருபது மாதத்தில் வட்டியாக மட்டும் 60,000 ரூபா கொடுத்து முடிகிறது. முதல் அப்படியே நிற்கிறது. நோய் கண்ட முதல் வாரத்தில் ஒருவர் 60,000 ரூபாவைத் தருமமாகக் கொடுத்திருந்தால் கடனே பிறந்திராது. அதே 60,000 ரூபாவை இருபது மாதம் கழித்துக் கொடுத்தால் முதல் மட்டும் அடைபடும். அதற்குள் பிள்ளையின் படிப்பு நின்றிருக்கும், நகை ஏலத்தில் போயிருக்கும். தொகை ஒன்றே. காலம்தான் வேறு.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. அமெரிக்காவில் வைத்தியசாலைகளே நோயாளரிடம் பெருந்தொகை அறவிடுகின்றன. செலுத்தாத கடனை அவை மிகக் குறைந்த விலைக்குப் பிறருக்கு விற்பதும் உண்டு. 2014ஆம் ஆண்டு, முன்பு கடன் வசூலிக்கும் தொழிலில் இருந்த இருவர் அங்கே ஒரு தரும நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். நன்கொடைப் பணத்தைக் கொண்டு அத்தகைய பழைய கடன்களை மொத்தமாக வாங்கி, கடனாளிகளிடம் எதுவும் கேளாமல் இரத்துச் செய்தார்கள். பல கிறிஸ்தவ ஆலயங்களும் அதற்குப் பணம் கொடுத்தன. பின்னர் பொருளியல் அறிஞர் சிலர் அந்த நிறுவனத்தோடு இணைந்து இதன் பலனை ஆராய்ந்தார்கள். 83,401 பேரின் ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சம் டொலர் கடன் இரத்தாகியிருந்தது. 2024இல் முடிவு வெளிவந்தபோது பலரும் ஆச்சரியப்பட்டார்கள். கடன் நீங்கியவர்களின் மனநிலையிலோ பணநிலையிலோ சராசரியாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

இதைக் கேட்டுத் தருமம் வீண் என்று எவரும் எண்ண வேண்டாம். அக்கடன்களிற் பல மிகப் பழையவை. குடும்பம் பட வேண்டிய பாடெல்லாம் பட்ட பின்னரே உதவி வந்தது. வெள்ளம் வடிந்த பின் கட்டிய அணையால் அந்தப் போகத்து நெல்லைக் காக்க முடியாது அல்லவா?

அந்த முறையை இங்கே அப்படியே பின்பற்றவும் முடியாது. எமது மக்களுக்குக் கடன் கொடுத்தவர் வைத்தியசாலை அல்லர். வட்டிக்காரரும், கடைக்காரரும், நுண்கடன் கம்பனியும், சில வேளை சொந்த மைத்துனருமே கடன் கொடுத்தவர்கள். ஆகவே எமக்குப் பொருத்தமான வழியை நாமே வகுக்க வேண்டும்.

எங்கே கேட்கலாம்?

1. ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்த நிதியம் பாரிய சிகிச்சைகளுக்கு உதவுகிறது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். எந்த நோய்க்கு எவ்வளவு, என்ன வருமான எல்லை என்பன காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே சிகிச்சைத் திகதி கிடைத்தவுடனேயே செயலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பணத்தைக் கடனாக வாங்கிச் செலவழித்த பின்பு போகாதீர்கள். நீண்டகாலச் சிறுநீரக நோயாளருக்கான மாதக் கொடுப்பனவு பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

2. ஸகாத். தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் எனக் குர்ஆன் (9:60) குறிப்பிடுகிறது. இதன் சட்டங்களை விளக்கும் தகுதி எமக்கில்லை, மௌலவிமாரிடமே கேட்டறிய வேண்டும். ஆனால் விவசாயிகளுக்கு ஒன்றை நினைவூட்டலாம். விளைச்சலுக்கும் ஸகாத் உண்டு. மழையை நம்பிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, செலவிட்டு நீர் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு. நெல் விளையும் இக்கரையோரத்தில் இது சிறிய தொகை அன்று. நோயோ அறுவடைக் காலத்தையும் நோன்பு மாதத்தையும் பார்த்து வருவதில்லை. ஆகவே சேரும் தொகையில் ஒரு பகுதியை வருடம் முழுவதும் நோயாளருக்கெனத் தனியே வைத்திருக்க இயலுமா என்று பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஸகாத் குழுக்களும் ஆலோசிக்கலாம். ஸதக்கா எனும் பொதுத் தருமத்தை எச்சமூகத்தவருக்கும் கொடுக்கலாம்.

3. பங்குகளிலுள்ள வின்சன்ட் டி போல் சபை. 1833இல் பரிஸ் நகரில் பிரடெரிக் ஒசானாம் என்னும் இளைஞரும் தோழர்களும் ஆரம்பித்த இச்சபையின் முறை எளியது. ஏழையை அலுவலகத்துக்கு அழைக்காமல் அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. பட்டியலில் பெயர் இல்லாத குடும்பத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை: வைத்திய நிபுணரின் கடிதம், வாட்டிலிருந்து விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, மருந்துக்கடை மற்றும் பரிசோதனைப் பற்றுச்சீட்டுகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம். இடம்பெயர்ந்தவர்கள் இப்போது வசிக்கும் பிரிவின் கடிதத்தோடு, முடிந்தால் பழைய பிரிவின் கடிதத்தையும் வைத்திருங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். 2004இல் கடல் கொண்டுபோனவற்றுள் பத்திரங்களும் இருந்தன என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே கடன் உள்ளவர்கள்

முதலில் எல்லாக் கடன்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாருக்கு, முதல் எவ்வளவு, வட்டி என்ன வீதம், இதுவரை கட்டியது எவ்வளவு, ஈடாக இருப்பது எது. வெட்கப்பட்டு ஒன்றையேனும் மறைத்தால் உதவ வருபவரின் கணக்குப் பிழைத்துப் போகும்.

உதவிப் பணம் சிறிதாக இருந்தால் எதை முதலில் அடைப்பது? உழைப்புக்குத் தேவையான பொருளை மீட்பதே முதல் வேலை. ஈட்டிலுள்ள வயல் துண்டு, உழவு இயந்திரம், தையல் மெசின், தோணி ஆகியன மீண்டால் மற்றக் கடனை உழைத்து அடைக்கலாம். அடுத்தது அதிக வட்டியுள்ள கடன். வட்டியில்லாமல் கொடுத்த உறவினரிடம் தவணை கேட்கலாம்.

உதவும் குழு பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பதைவிட, குடும்பத்தின் சம்மதத்தோடு கடன் கொடுத்தவரிடமே நேரே செலுத்துவது நல்லது. ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் கூடப் போய், முதலை இன்றே முழுதாகத் தருகிறோம், மிகுதி வட்டியை விட்டுவிடுங்கள் என்று பேசினால் இணங்குவோரும் உண்டு. தீர்ந்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டும், கொடுத்த அடகுச் சீட்டும் உறுதியும் அந்த இடத்திலேயே திரும்பக் கிடைக்க வேண்டும்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில், தவணை தவறியவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. நல்ல காரியம். ஆயினும் கடனுக்குக் காரணமான நோய் வீட்டிலேயே இருக்குமானால், அடுத்த கிளினிக் திகதிக்கு மீண்டும் கடன் வாங்க வேண்டும். ஆகவே கடனை அடைக்கும் உதவியோடு, வரும் ஆறு மாதத்துக்கான பயணச் செலவும் மருந்துச் செலவும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும்.

ஊருக்கு ஒரு மருத்துவ நிதி

மரண உதவிச் சங்கம் இல்லாத ஊர் எம்மிடையே குறைவு. ஒருவர் இறந்தால் ஊர் கூடிச் செலவைப் பார்க்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது காப்பாற்றுவதற்கும் அதேபோல் ஒரு சங்கம் இருக்கலாகாதா?

நாற்பது குடும்பங்கள் மாதம் 100 ரூபா வீதம் சேர்த்தால் மாதம் 4,000, வருடம் 48,000 ரூபா. பெரிய தொகை அன்று. ஆனால் ஒரு தரும நிறுவனமோ வெளிநாட்டிலுள்ள ஊரவரோ அதே அளவு தொகையைச் சேர்த்தால் 96,000 ஆகிறது. வெளியிலிருந்து வரும் நன்கொடை இப்படி ஊர்ச் சேமிப்போடு சேரும்போதுதான் நிலைக்கிறது. எமது நாட்டில் 1906 முதல் இயங்கிவரும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களின் அனுபவமும் இதற்கு உதவும்.

சில ஒழுங்குகள் அவசியம். நிதி மரணச் சங்கப் பணத்தோடு கலக்கக்கூடாது. பயணத்துக்கும் மருந்துக்கும் கொடுப்பது நன்கொடை, பெரிய தொகை என்றால் வட்டியில்லாக் கடன் என்று பிரித்து எழுத வேண்டும். தீர்மானம் இரண்டு நாளுக்குள் எடுக்கப்பட வேண்டும், கூட்டம் கூடும்வரை நோய் காத்திராது. மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஏனெனில் பெண்களின் நோயை ஆண்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள். கணக்கை மாதந்தோறும் வாசிக்க வேண்டும். ஆனால் உதவி பெற்றவரின் பெயரையும் நோயையும் வாசிக்கக்கூடாது. புதிதாக வந்து குடியேறிய குடும்பத்தையும் முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி ஒழுங்கையே நாம் மிகவும் வலியுறுத்துகிறோம். ஊரை இழந்து வந்தவருக்கு இன்னோர் ஊரில் பெயர் எழுதப்படுவதே பாதி மருந்து. அடுத்த கிளினிக் திகதி எப்போது என்று அயல்வீட்டாரிடம் இன்றே கேளுங்கள். அவர் வட்டிக்காரரின் படலையைத் தட்டுமுன் நாம் அவருடைய படலையைத் தட்டியிருக்க வேண்டும்.