குழி தெரிகிறது, தூரம் தெரியவில்லை

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். அது போய் விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். முதல் அடியில் பந்து 200 மீட்டர் பறந்தாலும், குழிக்குப் பக்கத்தில் வந்தபின் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மீட்டரில் பல ஆட்டங்களின் முடிவு தீர்மானமாகிறது. புல்தரை இடப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறதா, பந்தை எவ்வளவு வேகமாகத் தட்டினால் போதும் என்பதை அந்த இடத்தில் கண்தான் சொல்ல வேண்டும். கண் ஆபரேஷன் முடிந்து, மருத்துவமனைப் பலகையில் கடைசி வரி எழுத்துகளைக்கூடத் தப்பில்லாமல் படித்துவிட்ட ஒருவர் மைதானத்துக்குத் திரும்பியதும் தடுமாறுவது இங்கேதான்.

காரணம் எளிது. அந்தப் பலகை அளப்பது கூர்மையை மட்டும். நல்ல வெளிச்சத்தில், வெள்ளையின்மேல் கறுப்பாக எழுதிய அசையாத எழுத்து தெரிகிறதா என்றுதான் அது பார்க்கிறது. ஆழம் தெரிகிறதா, வெயில் கூசுகிறதா, நேர்கோடு வளைந்து தோன்றுகிறதா, பக்கவாட்டில் நிற்பவர் தெரிகிறாரா என்று அது கேட்பதில்லை. 'ஆறுக்கு ஆறு' என்று சீட்டில் எழுதி வாங்கியவரும் பச்சைப் புல்வெளியின் மேடுபள்ளத்தைக் காணத் தவறலாம்.

கோல்ஃபும் கண் சிகிச்சையும் என்றால் உடனே நினைவுக்கு வருபவர் டைகர் வுட்ஸ். அவருக்கு மைனஸ் 11 அளவுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. 1999-இல் லாசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓபனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். இந்தக் கதையின் முன்பாதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பார்வை மறுபடி மங்கியதால் 2007-இல் அவர் இரண்டாம் முறையும் லேசர் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது என்பது பின்பாதி. சாதாரண ஆட்டக்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மிகச் சிறப்பாக முடிந்த சிகிச்சையும் ஆயுளுக்கும் அப்படியே நிற்கும் என்ற உறுதி கிடையாது.

லாசிக்குக்குப் பிறகு அதிகம் வரும் தொல்லை கண் உலர்ச்சி. கருவிழியின் மேற்பரப்பில் லேசர் வெட்டும்போது அங்குள்ள நுண்நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்ந்துவிட்டது என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததால் கண்ணீர் சுரப்பது குறைகிறது. கோல்ஃப் ஆடுபவரோ பந்தைக் குறிவைக்கும்போது இமைக்க மறந்து உற்றுப் பார்க்கிறார். திறந்தவெளிக் காற்றும் சேர்ந்துகொள்ள, பந்து கலங்கித் தெரிகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இது சரியாகிவிடும். அதுவரை மருத்துவர் சொன்ன சொட்டுமருந்தை ஆட்டப் பையிலேயே வைத்திருப்பதும், பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி அணிவதும், அடிப்பதற்கு முன் வேண்டுமென்றே இரண்டு மூன்று முறை இமைப்பதும் நன்றாகவே உதவும்.

கண்புரை ஆபரேஷன் வேறு வகை. ஒரு கண்ணில் மட்டும் புது லென்ஸ் வைத்து, மறு கண் காத்திருக்கும் வாரங்களில் இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கும், தூரக்கணக்கு தப்பும். இது தற்காலிகம். சில மாதங்களோ சில வருடங்களோ கழித்து மறுபடி மூட்டமாகத் தெரியத் தொடங்கினால், 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறைதான் மங்கியிருக்கும். சில நிமிட லேசர் சிகிச்சையில் அதைச் சரிசெய்துவிடலாம். வெயிலில் உயரே போன பந்து வானத்தோடு கரைந்து மறைகிறது என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

லென்ஸ் தேர்வில்தான் பலர் முன்யோசனை இல்லாமல் இருக்கிறார்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைக்கும் முறையில் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கலாம். ஆனால் ஆழ உணர்வு குறையலாம். பல தூரங்களுக்கு ஒரே லென்ஸ் என்ற வகையில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம், மங்கல் வெளிச்சத்தில் பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காண்பதும் சற்றுக் குறையலாம். 'நான் கோல்ஃப் ஆடுபவன்' என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தகவல் அவருடைய பரிந்துரையை மாற்றக்கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது விழித்திரை விலகலுக்கான அறுவை சிகிச்சை. விழித்திரையை அதன் இடத்தில் ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்புவதுண்டு. வாயுவின் வகையைப் பொறுத்து அது இரண்டு வாரம் முதல் சுமார் இரண்டு மாதம் வரை உள்ளே இருக்கும். அந்தக் காலத்தில் விமானப் பயணம் கூடாது. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளிருக்கும் வாயு விரியும், கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். மலையேறும் காருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். இரண்டு ஊரிலும் நூற்றாண்டு கடந்த கோல்ஃப் மைதானங்கள் உண்டு. ஓய்வுக்காக அங்கே போய் மெதுவாக ஆடலாம் என்று நினைப்பவர், வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சமவெளியிலேயே இருக்க வேண்டும்.

வாயு கரைந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி சற்றுச் சுருங்கியிருந்தால் நேர்கோடு வளைந்து தெரியும். நேராக உருளவேண்டிய பந்துக்கு இல்லாத ஒரு வளைவைக் கண் காட்டும். கண்ணைச் சுற்றிச் சிலிகான் பட்டை கட்டியிருந்தால் கிட்டப்பார்வை கூடலாம், சிலருக்கு உருவங்கள் இரண்டாகத் தெரியலாம். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதே கண்ணில் புரையும் வேகமாக வளரும். மீண்டுவிட்டோம் என்று நினைத்த ஒருவரை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருபவை மனதளவிலும் சோர்வடையச் செய்கின்றன. அந்தச் சோர்வை வீட்டாரும் விளையாட்டுத் தோழர்களும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கண்ணோடு ஆடமுடியுமா? முடியும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. எடின்பரோவில் பிறந்த டாமி ஆர்மர் முதல் உலகப்போரில் கடுகுவாயுத் தாக்குதலில் இரு கண் பார்வையையும் இழந்தார். பின்னர் வலக்கண்ணில் மட்டும் பார்வை திரும்பியது. அந்த ஒற்றைக் கண்ணோடு 1927-இல் அமெரிக்க ஓபன், 1930-இல் பி.ஜி.ஏ., 1931-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன் என்று மூன்று பெரும் பட்டங்களை வென்றார். அதே கார்னூஸ்டியில் 1975-இல் டாம் வாட்சனிடம் பிளே-ஆஃபில் பட்டத்தைத் தவறவிட்டவர் ஆஸ்திரேலியாவின் ஜாக் நியூட்டன். 1983-இல் சிட்னி விமான நிலையத்தில் சிறுவிமானத்தின் சுழலி தாக்கி வலக்கையையும் வலக்கண்ணையும் இழந்தார். அதற்குப் பிறகும் இடக்கையால் மட்டும் கோல்ஃப் ஆடினார்.

ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கு மூளை மெல்ல வேறு தடயங்களைக் கற்றுக்கொள்கிறது. தலையை அசைக்கும்போது பக்கத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் நகர்வது, நிழலின் நீளம், கொடிக்கம்பம் தெரியும் அளவு எல்லாம் தூரத்தைச் சொல்லும். குழியைச் சுற்றி நடந்து, சரிவைப் பாதத்தால் உணர்ந்து அடிப்பவர்கள் நல்ல பார்வையுள்ள ஆட்டக்காரர்களிலேயே பலர் உண்டு. தூரம் அளக்கும் கருவியை 2019 முதல் விதிகள் பொதுவாகவே அனுமதிக்கின்றன. பார்வை இழந்தவருக்குக் குறிவைக்க உதவியாளர் ஒருவர் துணைநிற்கலாம் என்பது 2023 முதல் பொது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. மஞ்சள் பந்து பலருக்குத் தெளிவாகத் தெரியும். புரோகிரசிவ் கண்ணாடியைத் தவிர்த்துவிடலாம். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது என்பதால் காலடியில் கிடக்கும் பந்து மங்கும். தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று ஆட்டத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். பார்வை குறைந்த பக்கத்தில் யாரும் நிற்காதபடி கூட ஆடுபவர்களிடம் சொல்லிவிடுவது அவர்களுக்கும் பாதுகாப்பு.

எப்போது திரும்ப ஆடலாம் என்பதை அறுவை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நண்பருடைய அனுபவம் இதற்கு அளவுகோல் ஆகாது. திரும்பியபின் ஆட்டத்தின் நடுவில் திடீரென மின்னல் போன்ற வெளிச்சம், புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற இருட்டு, வலியோடு கூடிய சிவப்பு, பார்வை சட்டென்று குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் மட்டையைப் பையில் போட்டுவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மிச்சக் குழிகளை இன்னொரு நாள் ஆடிக்கொள்ளலாம்.