நிழலில் நடப்பவனுக்குக் கணித்த வெப்பம்

ஏப்ரல் 5 ஆம் திகதி தொடங்கி ஏறத்தாழப் பத்து நாட்கள் இலங்கையின் அகலாங்குகளுக்கு நேரே தெற்கிலிருந்து வடக்காகச் சூரியன் உச்சங்கொடுத்து வர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் முறை சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வந்து சேரும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அத்திகதி நெருங்கும் இவ்வேளையில் எமக்கு வந்த கடிதங்கள் பல, சூரியனை விடுத்து, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் வரும் ஓர் எண்ணைப் பற்றியே வினவுகின்றன. வெப்பமானி காட்டுவது ஒன்று, வெப்பச் சுட்டெண் சொல்வது வேறொன்று, தோட்டத்தில் நிற்பவன் அனுபவிப்பது மற்றொன்றாக இருக்கையில் எதை நம்புவது என்பதே அவற்றின் சாரம்.

வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் சேர்த்துக் கணித்த இந்த எண்ணை மனித உடல் உணரும் வெப்பம் என்று அறிவித்தல் வரைவிலக்கணம் செய்கிறது. எந்த மனிதனின் உடல் என்பதை அது சொல்வதில்லை. இக்கணிப்பின் மூலம் 1979 இல் ரொபேர்ட் ஸ்டெட்மன் என்னும் விஞ்ஞானி வகுத்த மாதிரியாகும். ஏறத்தாழ 1.7 மீற்றர் உயரமும் 67 கிலோகிராம் நிறையும் உடையவனாய், காற்சட்டையும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, மெல்லிய காற்று வீச, நிழலில் நடந்து செல்லும் ஒருவனை அவர் கற்பித்துக்கொண்டார். நிழலில் 32 பாகை செல்சியசும் நூற்றுக்கு 70 சாரீரப்பதனும் இருக்கும் நாளில் சுட்டெண் ஏறத்தாழ 40 என வருவது அவனுக்கே. நேர்வெயில் அதன்மேல் 8 பாகை வரை கூட்டக்கூடும். புன்னாலைக்கட்டுவனிலோ உரும்பிராயிலோ, காய்ந்து கொதிக்கும் செம்மண்மீது குந்தியிருந்து வெங்காயத் தறையிற் புல்லுப் பிடுங்கும் பெண்ணையும், மண்வெட்டியோடு தண்ணீர் மாறும் கூலியாளையும் அந்தக் கணிதம் அறியாது. தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே வேலையாக மாற, எஞ்சிய யாவும் உஷ்ணமாய்ச் சரீரத்துக்குள்ளேயே தங்குவதால், அவர்களுடைய வெப்பத்திற் பெரும்பங்கு அவர்களுடைய உழைப்பிலிருந்தே பிறக்கிறது.

இக்குறையை ஓரளவு தீர்க்கும் ஒரு கருவி உண்டு. அதன் நுட்பம் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. 1950களில், அமெரிக்கக் கடற்படைக்காலாட்களைப் பயிற்றும் பரிஸ் தீவு முகாமில் வெயிலால் வீழ்ந்த இளைஞரைக் காக்கவென உருவான அளவைமுறை அது. மூன்று வெப்பமானிகளில் ஒன்றின் குமிழை ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றொன்று கறுப்புக் கோளம் ஒன்றினுள் இருந்து வெயிலை வாங்கும், மூன்றாவது சாதாரணமானது. இறுதி எண்ணில் ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கும், கோளத்துக்கு இரண்டும், சாதாரண வெப்பமானிக்கு ஒன்றும் அளிக்கப்படுகின்றன. ஈரத்துணி வியர்த்த தோலின் பிரதிநிதி. நீர் ஆவியாகும்போது அது குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் ஆவியாதல் தளர்ந்து குளிர்ச்சியும் குன்றுகிறது. மூன்று புறமும் கடலும் ஒரு புறம் நீரேரியுமாகக் கிடக்கும் நமது குடாநாட்டில், வெப்பமானி 32 இல் நிற்கும் நாளும் உயிருக்கு அபாயமான நாளாகக்கூடும் என்பதன் காரணம் அந்தத் துணியில் இருக்கிறது.

ஆயினும் இக்கருவியும் காற்றையும் வெயிலையும் அளக்கிறதேயன்றி ஆளை அளப்பதில்லை. ஆளையே அளக்கப் புறப்பட்டவர்கள் தாதியர் என்பதைப் பெருமையோடு சொல்லவேண்டும். சிறுவயதில் எல் சல்வடோரிலிருந்து அமெரிக்கா சென்று, அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் தாதியியல் விஞ்ஞானியாக விளங்கும் ரொக்சானா சீக்காஸ் அவர்களுள் ஒருவர். அப்பல்கலைக்கழகத்தின் தாதியியற் குழுவினர் புளோரிடாப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தோடு கூடி நடத்திய ஆய்வில், தொழிலாளர் சிறிய குளிகை ஒன்றை விழுங்க, அது குடலினுள்ளிருந்தபடியே உள்வெப்பத்தை இடுப்பிற் கட்டிய பெட்டிக்கு ஓயாது அறிவித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட்டன.

2018 இல் வெளியான பெறுபேறு திடுக்கிட வைப்பது. 192 தொழிலாளருள் நூற்றுக்கு 33 பேருக்கு, பரிசோதித்த நாட்களில் ஒரு நாளிலேனும், சிறுநீரகம் சடுதியாகத் தாக்குண்ட அறிகுறி இரத்தத்தில் இருந்தது. உடலில் நீர் வற்றியிருந்தோர் மாலையில் நூற்றுக்கு 81, காலையிலேயே 53. நேற்றைய வெயிலின் கடனைத் தீர்க்காமலே அவர்கள் இன்றைய வெயிலுக்குள் இறங்கினார்கள். பிற்பாடு சீக்காஸ் 84 தொழிலாளரிடம் குளிரூட்டும் கழுத்துத் துணியையும் மேலங்கியையும் ஒப்பிட்டபோது, நம்பிக்கை தந்தது விலையுயர்ந்த அங்கியன்று, எளிய கழுத்துத் துணியே. ஆய்வு சிறியது, முடிந்த முடிபு அன்று. எனினும் கிணற்றில் நனைத்த துவாயைக் கழுத்திற் போட்டுக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தை யாரும் அலட்சியஞ் செய்யவேண்டாம்.

தமிழ் நிலத்திலும் இத்தகைய அளவீடு நடந்திருக்கிறது. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகங்களை ஆராய்ந்தார். அவர் பங்குகொண்டு, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்காகியதை 2024 இல் வெளியிட்டது. ஆனையிறவில் உப்பு வாரும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

வேலைத்தலங்களில் இயன்றவரை அடிக்கடி நிழலில் ஓய்வெடுங்கள் என்கிறது நமது அறிவித்தல். நாட்கூலிக்கு நிற்பவன் ஓயும் அரைமணிக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதை அது தொடவில்லை. அறிவுரை எவரையும் கட்டுப்படுத்தாது. புளோரிடாவிலோ 2024 இல் இயற்றிய சட்டம், வெயிற் பாதுகாப்பை வேலைகொள்வோர்மீது விதிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்து பறித்தேவிட்டது.

கடிதங்களில் எஞ்சிய வினாக்கள் பல. எவ்வளவு நீர்? தாகம் எடுக்குமுன்னரே, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு குவளை.

மோர்? நன்று, நீரும் உப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. கள்ளு? வெயிலில் வேண்டாம்.

ஜீவனி? நெடுநேரம் வியர்த்தவருக்கு உதவும். பைக்கற்றிற் குறித்த அளவு நீரில் மட்டுமே கரைக்கவேண்டும்.

நாரி நோவுக்கு டைக்குளோபெனக்? நீர் வற்றிய உடலிற் சிறுநீரகத்தைத் தாக்கும்.

வெயிற் காய்ச்சலுக்குப் பனடோல்? பயனில்லை.

வேலையின் நடுவே ஒருவர் மாறாட்டமாய்ப் பேசினால்? உடனே நிழலுக்குத் தூக்கி, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல், வண்டி வந்து சேரும்வரை கிணற்றுத் தண்ணீரை உடம்பெங்கும் வார்த்து விசிறிக்கொண்டேயிருக்கவேண்டும்.