போட்டியாளர்கள் சேர்ந்து பிடித்த உண்மை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. நேர்முக வரி, மறைமுக வரி, வரி ஏய்ப்பு, கருப்புப் பணம் எல்லாம் அதில் வருகின்றன. வரையறைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால், "அவ்வளவு பணத்தை எப்படி டீச்சர் ஒளிச்சு வைப்பாங்க? பேங்க்ல போட்டா பேர் தெரிஞ்சிடுமே?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் வரையறை கைகொடுக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் உண்மை நிகழ்வு, 2016இல் வெளியான பனாமா ஆவணங்கள். வரிப் பாடத்துக்காக அதை எடுத்தேன். நடத்த நடத்த, குழுச் செயல்பாட்டைப் பற்றியும் அது நமக்கு நிறையச் சொல்வதாகத் தோன்றியது. இரண்டையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பெயரை மறைக்கும் தொழில்

ஒருவர் ஒரு பெரிய நகரத்தில் மாளிகை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி எங்கோ ஒரு தீவில் பதிவானது. அதற்கு வேலையாட்கள் இல்லை. சொந்தமாக அலுவலகமும் இல்லை. அதன் இயக்குநர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்கள். கம்பெனியின் உரிமையாளர் யார் என்று தேடினால், வேறொரு நாட்டில் இன்னொரு கம்பெனி வந்து நிற்கும். 'பினாமி' என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதையே கடல் கடந்து, அடுக்கடுக்காகச் செய்தால் இதுதான்.

இத்தகைய கம்பெனிகளை உருவாக்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தது பனாமா நாட்டின் 'மொசாக் ஃபொன்சேகா' என்ற சட்ட நிறுவனம். வெளிநாட்டில் கம்பெனி வைத்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நேர்மையான வணிகத்துக்காக வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அதே திரைக்குப் பின்னால் வரி ஏய்ப்பவர், லஞ்சம் வாங்கியவர், கடன்காரர்களிடமிருந்து சொத்தை மறைப்பவர் எல்லோரும் ஒளிந்துகொள்ளலாம். வரியாக வர வேண்டிய பணம் வராமல் போனால் பள்ளிக் கட்டடத்துக்கும் சத்துணவுக்கும் மிதிவண்டிக்கும் அரசு எங்கிருந்து செலவிடும் என்று கேட்டால், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஒரு நாளிதழால் முடியாத வேலை

ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து வெளிவரும் 'ஸூடாய்ச்ச ஸைட்டுங்' நாளிதழின் செய்தியாளர் பாஸ்டியன் ஓபர்மாயரை, பெயர் சொல்லாத ஒருவர் இணையம் வழியாகத் தொடர்புகொண்டார். மொசாக் ஃபொன்சேகாவின் உள் ஆவணங்களைத் தருவதாகச் சொன்னார். பணம் கேட்கவில்லை, தன் பாதுகாப்புக்கு உறுதி மட்டும் கேட்டார். ஆவணங்கள் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தன. முடிவில் அவற்றின் எண்ணிக்கை சுமார் 1 கோடியே 15 லட்சம். 1977 முதல் 2015 வரையிலான மின்னஞ்சல்கள், ஒப்பந்தங்கள், கடவுச்சீட்டு நகல்கள் அவற்றில் இருந்தன. 2,14,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் கிடைத்தன.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுப்பேன். ஓர் ஆவணத்தைப் படிக்க ஒரு நிமிடம்; ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்; ஞாயிறும் விடுமுறை இல்லை. ஒரே ஆள் படித்து முடிக்க எத்தனை ஆண்டுகள்? விடை 65 ஆண்டுகளுக்கு மேல் வரும். இதைப் பிள்ளைகளே போட்டுக் கண்டுபிடிக்கும்போது, அடுத்து நடந்தது ஏன் நடந்தது என்பது தானாகப் புரியும்.

உலகமே பேசப்போகும் செய்தி ஒரு நாளிதழின் கையில் மட்டும் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதுதான் பத்திரிகை உலகின் வழக்கம். ஸூடாய்ச்ச ஸைட்டுங் அப்படிச் செய்யவில்லை. வாஷிங்டனில் இயங்கும் சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பிடம் ஆவணங்களைக் கொடுத்தது. கூட்டமைப்பு சுமார் 80 நாடுகளிலிருந்து 100க்கும் மேற்பட்ட ஊடகங்களைச் சேர்த்தது. 370க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்தார்கள். பிரிட்டனில் பிபிசியும் கார்டியனும், பிரான்சில் லெ மோந்தும், இந்தியாவில் இந்தியன் எக்ஸ்பிரஸும் அதில் இருந்தன.

பகிர்ந்ததற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் என்று நான் நினைக்கவில்லை, தேவையும் இருந்தது. ஆவணத்தில் ஒரு பெயரைப் பார்த்ததும் அது யாருடைய மைத்துனர், யாருடைய கூட்டாளி என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். மியூனிக்கில் இருப்பவருக்கு அது வெறும் பெயர்.

சேர்ந்து வேலை செய்ய வைத்த விதிகள்

போட்டியாளர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்பினார்கள்? நான் புரிந்துகொண்ட வரையில், தெளிவாக வகுக்கப்பட்ட சில விதிகள் அந்த நம்பிக்கையைத் தாங்கின. ஆவணங்கள் எல்லோருக்கும் பொது. கண்டுபிடித்ததைப் பாதுகாப்பான பொதுத் தளத்தில் மற்றவர்களுக்காகப் பதிவிட வேண்டும். குறித்த நாளுக்கு முன் யாரும் வெளியிடக் கூடாது. எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பது மட்டும் அந்தந்த ஊடகத்தின் முடிவு.

நான்காவது விதி முக்கியமானது. தேடுவதில் கூட்டு, எழுதுவதில் போட்டி. அவரவர் அடையாளம் கரைந்து போகவில்லை. ஆவணத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக உடனே எழுதிவிடவும் இல்லை. பொதுப் பதிவேடுகளோடும் நீதிமன்ற ஆவணங்களோடும் ஒப்பிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் விளக்கம் கேட்டார்கள்.

ஐஸ்லாந்தில் நடந்ததை மாணவர்கள் கதை போலக் கேட்பார்கள். அந்நாட்டுப் பிரதமர் சிக்மண்டர் குன்லாக்சனின் பெயர் 'வின்ட்ரிஸ்' என்ற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு தொடர்புபட்டு ஆவணங்களில் இருந்தது. தன் பங்கை 2009 இறுதியில் ஒரு டாலருக்கு மனைவியிடம் அவர் மாற்றியிருந்தார். அப்போது சுமார் 3.3 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு அது. யோஹான்னஸ் கிறிஸ்டியான்சன் என்ற ஐஸ்லாந்துப் பத்திரிகையாளர் அங்கே வாய் திறந்து விசாரித்தால் விஷயம் மறுநாளே பரவிவிடும். அதனால் சுவீடன் தொலைக்காட்சி பேட்டிக்கு நேரம் வாங்கியது. சுவீடன் செய்தியாளர் பொதுவான கேள்விகளில் தொடங்கி, வின்ட்ரிஸ் பற்றிக் கேட்டார். பிறகு கிறிஸ்டியான்சன் உள்ளே வந்து ஐஸ்லாந்து மொழியில் தொடர்ந்தார். பிரதமர் பேட்டியிலிருந்து எழுந்து போனார். தவறு எதுவும் செய்யவில்லை என்றார். ஆனாலும் மக்கள் தெருவில் திரண்டார்கள். செய்தி வெளியான இரண்டாம் நாள், ஏப்ரல் 5 அன்று, அவர் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது.

உலகம் முழுவதும் செய்தி வெளியானது 2016 ஏப்ரல் 3, ஞாயிறு. இந்திய நேரப்படி இரவு 11.30 மணி. அதுவரை, 370க்கும் மேற்பட்டோர் அறிந்த ரகசியம் காக்கப்பட்டிருந்தது. ஆவணங்களில் சுமார் 500 இந்தியர்களின் பெயர்கள் இருப்பதாக இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. ஏப்ரல் 4 அன்றே மத்திய அரசு பல துறைகளைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது.

ஒருவரை வீழ்த்தினாலும் செய்தி நிற்காது

கூட்டாக வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1976இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டான் போல்ஸ் என்ற செய்தியாளர் காரில் வைத்த குண்டால் கொல்லப்பட்டார். வெவ்வேறு செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த 38 பத்திரிகையாளர்கள் அங்கே போய், அரிசோனாவின் ஊழலையும் நில மோசடிகளையும் விசாரித்து 1977இல் தொடராக வெளியிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து மால்டாவில் அதே கொடுமை நடந்தது. பனாமா ஆவணங்கள் தொடர்பாகத் தன் நாட்டு அரசியல்வாதிகளைப் பற்றி எழுதிவந்த டாஃப்னி கருவானா கலிசியா, 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டுக்குப் பலியானார். அவருடைய மகன் மேத்யூ, பனாமா ஆவணங்களை ஆராய்ந்த கூட்டமைப்பில் பணியாற்றியவர். 18 ஊடகங்களைச் சேர்ந்த 45 பத்திரிகையாளர்கள் டாஃப்னி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 2018 ஏப்ரலில் வெளியிடத் தொடங்கினார்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த உண்மையை அவரோடு புதைத்துவிடலாம். நாற்பத்தைந்து பேருக்குத் தெரிந்ததை அப்படிச் செய்ய முடியாது.

வகுப்பறையில் செய்து பார்த்தது

நம் குழுச் செயல்பாடுகளில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவதே பெரும்பாலும் நடக்கிறது. 2017 முதல் பொதுத்தேர்வுத் தரவரிசைப் பட்டியலை நம் துறை வெளியிடுவதில்லை. ஆனாலும் நோட்டைக் கையால் மறைத்து எழுதும் பழக்கம் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. அதனால் பத்திரிகையாளர்களின் விதிகளையே வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு கற்பனைக் கிராமம். ஏரி தூர்வார ஒதுக்கிய பணம் காணவில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து கற்பனை நிறுவனங்கள். ஒன்றுக்கு இன்னொன்று உரிமையாளர். பில், கடிதம், பதிவுச் சான்று என 24 துண்டுச் சீட்டுகளை ஆறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். முதல் பதினைந்து நிமிடம் அவரவர் சீட்டு அவரவருக்கு. எந்தக் குழுவும் இரண்டு நிறுவனங்களைத் தாண்டவில்லை. பிறகு பொதுப் பலகையில் எல்லாச் சீட்டுகளையும் ஒட்டச் சொன்னேன். இருபது நிமிடத்தில் சங்கிலி முழுவதும் தெரிந்தது.

ஒரு குழு "செல்வராஜ்தான் திருடன்" என்று அறிவித்தது. பக்கத்துக் குழுவில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, "ரசீதுல இருக்கிறது க. செல்வராஜ். கம்பெனியில இருக்கிறது த. செல்வராஜ். ரெண்டும் வேற ஆளு" என்றாள். சரிபார்க்காமல் எழுதினால் ஒரு நிரபராதியின் பெயர் கெடும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகச் செய்தி எழுதியது. பொதுப் பலகைக்குக் கொடுத்த தகவலுக்கு 5 மதிப்பெண், சொந்தமாக எழுதிய செய்திக்கு 5 மதிப்பெண். பகிர்ந்தாலும் நஷ்டமில்லை, உழைத்தால் தனிப் பெயரும் உண்டு என்று தெரிந்ததும் மறைக்கும் கைகள் விலகின. வழக்கமான மதிப்பீட்டு முறையில் சிறிய மாற்றம்தான். செலவு, சில வெள்ளைத் தாள்களும் ஒரு பசைப் புட்டியும்.

பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பணம் திரும்ப வந்துச்சா டீச்சர்?" உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். 2021 வரை பல நாட்டு அரசுகள் வரியாகவும் அபராதமாகவும் சுமார் 136 கோடி டாலரை மீட்டதாக அந்தக் கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. மொசாக் ஃபொன்சேகா 2018இல் மூடப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவர் உள்ளிட்ட 28 பேரை, 2024இல் பனாமா நீதிமன்றம் விடுதலை செய்தது. கொஞ்சம் வந்தது, நிறைய வரவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் முகம் வாடும். அப்போது, சட்டம் எங்கே போதவில்லை, எதை மாற்றலாம் என்று கேளுங்கள். வரிப் பாடத்தின் அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.