வாய் திறக்க மறுக்கும்போது...

அண்மையில் எங்கள் காயல்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பள்ளிப் பருவத்திலிருந்து பழகிய நண்பர் ஒருவர், சோற்றைச் சிறு சிறு உருண்டைகளாக்கிப் பல்லிடுக்கில் தள்ளிக்கொண்டிருந்தார். இறைச்சியை அவர் தொடவே இல்லை. காரம் பட்டால் கன்னம் எரிகிறது என்றார். வாயை எவ்வளவு திறந்தாலும் இரண்டு விரல்கூட உள்ளே நுழையாது. பெட்டிக்கடை வைத்திருப்பவர், நாற்பது ஆண்டுகளாகப் பாக்கு மெல்பவர். ‘பொகயில தொட்டதே இல்லயே, எனக்கு ஏன் வந்துச்சு?’ என்பதுதான் அவருடைய கேள்வி.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு மருத்துவம் தெரியாது. கணக்கு ஓரளவு தெரியும். இந்நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, இதுவும் ஒரு வரவு-செலவுப் பிறழ்வுதான் என்று புலப்பட்டது.

நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, ஈறு ஆகியவற்றுக்கு உறுதி தருவது அதுவே. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது அதன் வடிவம். இதை உலகுக்குச் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ‘நேச்சர்’ இதழில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் அவர்களின் கட்டுரைகள் வெளிவந்தன. ஆய்வுக்குரிய கங்காரு வால் தசைநாணைப் பெற்றுத் தந்தது, அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். நம் பாடநூல்களில் இந்த வரலாற்றுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை.

கயிறு திரிப்பவரே பழைய கயிற்றைப் பிரித்து எடுப்பவராகவும் இருந்தால் எப்படியிருக்கும்? இணைப்புத் திசுவிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணு அத்தகையது. கொலாஜனை உண்டாக்குவதும் அதுவே. தேய்ந்ததை அகற்றுவதும் அதுவே. அதன் மேற்பரப்பில் ‘இன்டெக்ரின்’ என்னும் பற்றுக்கொக்கிகள் உள்ளன. அவற்றுள் ஒரு வகை, கொலாஜன் இழையில் குறிப்பிட்ட சில அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்த இடத்தைக் கண்டறிந்து பற்றிக்கொள்ளும். பிடி கிடைத்ததும் உயிரணுவுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள் இழுக்கத் தொடங்கும்; சவ்வு இழையைச் சுற்றி வளைத்து உள்வாங்கும். பிறகு லைசோசோம் என்னும் பையில் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. உயிரணுவுக்கு வெளியிலேயே கொலாஜினேஸ் நொதி இழையை முக்கால், கால் என இரு துண்டாக்கும். துண்டுகளை வேறொரு ஏற்பி பற்றி உள்ளே கொண்டு செல்லும். பிடி தவறினால் கழிவு தேங்கும்.

வாயின் திசுக்களில் இந்த ஆக்கமும் அகற்றலும் விரைவாக நடைபெறுகின்றன. ஆகவே அகற்றல் சிறிது தளர்ந்தாலும் விளைவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதற்கு, உயிரணுக்கள் கொலாஜனை உள்வாங்குவது குறைவதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.)

பாக்கு செய்வதும் ஏறத்தாழ இதுவே. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் வேதிப்பொருள் இந்த உள்வாங்கலைத் தடுப்பதை, தைவான் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த கன்ன உயிரணுக்களில் கண்டு 1999-இல் வெளியிட்டனர். பாக்கிலுள்ள தாமிரம், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை ஊக்குவிக்கிறது. மூன்றாவதாக, துவர்ப்பு. ஆவாரம்பட்டையின் துவர்ப்பு ஆட்டுத்தோலை அழுகாத பதனிட்ட தோலாக மாற்றுவதைத் தமிழ்நாட்டில் தோல் தொழில் தெரிந்தவர்கள் அறிவர். பாக்கின் துவர்ப்பும் கொலாஜனைப் பற்றி, நொதிகளால் எளிதில் அறுக்க முடியாதபடி செய்கிறது. வரவு கூடுகிறது, செலவு நிற்கிறது, இருப்பு இறுகுகிறது. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று மருத்துவர்கள் கூறும் நோய் இதுதான்.

இது வாய் திறவாமையோடு நிற்பதில்லை. எர்ணாகுளத்தில் இந்நோயுற்ற 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஐவருக்கு வாய்ப்புற்று வந்ததாக 1985-இல் வெளியான ஆய்வு கூறியது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. நண்பரின் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

வெற்றிலை நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையின் காயல் துறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இவ்வூரார் எந்நேரமும் வெற்றிலை மெல்வதை வியப்போடு குறிப்பிடுகிறார். விருந்துக்குப் பின் ஒருமுறை தாம்பூலம் தரிப்பது வேறு. காலை முதல் இரவு வரை பொட்டலம் பொட்டலமாக உலர்பாக்கைக் கன்னத்தில் அடக்குவது வேறு. இந்நோய் பெருகியதற்கு இந்தப் பொட்டலங்களே பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

அரசின் கொள்கையோ இரு திசைகளில் இழுக்கிறது. புகையிலை, நிகோடின் கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-இல் தடை வந்தது. புகையிலை கலவாத பாக்கு அதற்குள் வரவில்லை. மறுபுறம், உள்நாட்டு விவசாயிகளைக் காக்க பாக்கின் குறைந்தபட்ச இறக்குமதி விலை 2023-இல் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் வந்த பாக்கு பிடிபடும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்த விலை இடைவெளியே. உலகிலேயே அதிகம் பாக்கு விளைவிக்கும் நாடு நம்முடையது. பயிரிடுவோரின் வாழ்வை ஒரே நாளில் கைவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றுப் பயிருக்கு ஆதரவும், பாக்குப் பொட்டலத்தின் மீது புகையிலைக்கு நிகரான எச்சரிக்கைப் படமும், பள்ளியருகே விற்பனைத் தடையும் இயலாதவை அல்ல. நோயின் செலவு எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாமல் குடும்பங்களின் தலையில் விழுவதால்தான் தாமதிக்கிறோம்.

முற்றிய நிலையில் இறுகிய நாரை முழுவதும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றில்லை. பாக்கை நிறுத்துதல், ஊசி, வாய்ப்பயிற்சி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று போகிறது வைத்தியம். நண்பர் பாக்கை விட்டு நான்கு மாதங்களாகின்றன. மருத்துவர் சொன்னபடி ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, வாரந்தோறும் ஒன்றைக் கூட்டப் பார்க்கிறார். இப்போது பதினான்கு குச்சிகள் நுழைகின்றன. அவர் கடை வாசலில் பாக்குப் பொட்டலச் சரங்கள் மட்டும் அப்படியே தொங்குகின்றன. அதை எடுத்துவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள் என்கிறார்.