பளபளப்பா, சொரசொரப்பா? வீட்டுக்குக் கல் எடுக்கும் முன் இதைக் கவனியுங்கள்!

காரைக்கால் நகரை ஒட்டிய தருமபுரம், யாழ்மூரிநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். காவிரி டெல்டாவின் கடைக்கோடியான இந்தப் பகுதியில் எங்கு தோண்டினாலும் வண்டல் மண்தான். அன்று கோயில் கட்டவும் சரி, இன்று வீடு கட்டவும் சரி, கல் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

அப்படிச் செலவு செய்து வரவழைக்கும் கல்லில் நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் பலர் கேட்பதில்லை. கடையில் மின்னிய பாலிஷ் கல்லையே வாசல்படி முதல் பாத்ரூம் வரை பதித்துவிடுகிறோம். ஐப்பசி மழையில் பாட்டி வழுக்கி விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

அம்மி தெரிந்தால் போதும்!

இது நமக்குப் புதிய விஷயமல்ல. அரைத்து அரைத்து அம்மி வழுவழுப்பானால் மசாலா மசியாது. உடனே அம்மி கொத்துபவரைக் கூப்பிட்டு, உளியால் பொளியச் சொல்வார்கள். கல் அதேதான், மேற்பரப்பு மாறினால் அதன் வேலையே மாறிவிடும். தரைக்கும் இதே கணக்குதான்.

நான்கு வகை ஃபினிஷ்

பாலிஷ்: கண்ணாடி மாதிரி மின்னும். கல்லின் நிறம் எடுப்பாகத் தெரியும், துடைப்பதும் சுலபம். ஈரம் பட்டால் வழுக்கும்.

ஹோன்டு: மழமழப்பாக இருக்கும், மின்னாது. கீறலும் தேய்மானமும் சட்டென்று கண்ணில் படாது. கறையை மட்டும் உடனே துடைக்க வேண்டும்.

லெதர்: வைரத்தூள் பதித்த பிரஷ்களால் தேய்ப்பதால் தோல் மாதிரி லேசான மேடு பள்ளம் கிடைக்கும். கைரேகை தெரியாது.

ஃபிளேம்டு: கிரானைட் மீது தீச்சுவாலையைக் காட்டுவார்கள். சூட்டில் படிகங்கள் விரிந்து மேல்பகுதி பொரிந்து, சொரசொரப்பாகும். மெல்லிய கல் விரிசல் விடலாம் என்பதால் தடிமனான கல்லுக்கே ஏற்றது. மார்பிளுக்கு வேண்டாம்.

எங்கே எது?

பக்கத்தில் இருக்கும் திருநள்ளாறு நளதீர்த்தத்தில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் படியில் எவ்வளவு கவனமாகக் கால் வைப்பார்கள்! சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது நம் வீட்டு பாத்ரூமிலும் அதே எண்ணெய், அதே தண்ணீர்தான். எனவே பாத்ரூம், கொல்லைப்புறம், வாசல்படி, கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்குச் சொரசொரப்பான கல்லே நல்லது. வெயில் படும் இடத்தில் கறுப்பு கிரானைட் காலைச் சுடும். வெளிர் நிறம் எடுங்கள். ஹாலுக்கும் பூஜையறைக்கும் பாலிஷ் போதும். மாடிப்படிக்குப் பாலிஷ் கல்தான் வேண்டுமென்றால், விளிம்பில் கோடு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

சமையல் மேடைக்கு கிரானைட்டே கைகொடுக்கும். பாலிஷ், லெதர் இரண்டுமே சரி. மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தை அரித்து மங்கலாக்கிவிடும். பாலிஷ் மார்பிளில் அந்தத் தடம் பளிச்சென்று தெரியும். ஹோன்டு மார்பிளில் அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கற்களில் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது.

கடலோர வீடுகளுக்கு...

உப்புத் தண்ணீரிலோ உப்பு கலந்த மணலிலோ கல் பதித்தால், எந்த ஃபினிஷாக இருந்தாலும் நாளடைவில் வெள்ளையாக உப்பு பூக்கும். கலவைக்கு நல்ல தண்ணீர், உப்பில்லாத மணல் என்று கொத்தனாரிடம் முன்பே பேசிவிடுங்கள். சீலர் அடிப்பதாக இருந்தால், கல்லுக்குள் ஊறும் வகையைக் கேளுங்கள். மேலே படலமாகப் படியும் வகை, அடியிலிருந்து வரும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடையில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். எலுமிச்சைச் சாறு, மஞ்சள் கரைசல், எண்ணெய் மூன்றையும் தனித்தனியாக விட்டு, ஓர் இரவு வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். தரைக்கான கல் என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளங்காலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கால் நழுவினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஈரம் படும் இடத்துக்கு அந்தக் கல் வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கல்லை முடிவு செய்யும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தத் தரையில் தினமும் நடக்கப்போவது அவர்களும்தானே!