கடல் கடந்த வகுப்பறை – 7: விசாவில் யார் பெயர்?

சென்ற வாரம் வளைகுடாப் பள்ளிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் இருந்து ஒரு கணக்கு டீச்சர் போன் செய்தார். எம்.எஸ்சி., பி.எட்., பதினோரு வருட சர்வீஸ். "சார், அமெரிக்காவுக்கு ஜே1 விசா வாங்கித் தர்றோம்னு ஒரு ஏஜென்சி சொல்றாங்க. ஆறு லட்சம் கேக்குறாங்க. நகையை வெச்சுக் கட்டிடலாமா?" என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவுக்குப் போன பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களின் கதையை முதலில் சொன்னேன்.

2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், முழுத் தகுதியுள்ள ஆசிரியர்தான் பாடம் நடத்த வேண்டும் என்றது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த நகரப் பள்ளிகளில் கணக்குக்கும் அறிவியலுக்கும் சிறப்புக் கல்விக்கும் ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆகவே பள்ளி நிர்வாகங்கள் பிலிப்பைன்ஸில் ஆள் தேடின. அப்படி பால்டிமோருக்குப் போன நான்கு பெண்களின் முதல் வருடத்தை ரமோனா டயஸ் 'தி லேர்னிங்' என்ற ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். கிடைத்தால் பாருங்கள்.

வாஷிங்டனை ஒட்டியுள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்களை எச்1பி என்ற வேலை விசாவில் எடுத்தது. பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அந்த விசா மனுவுக்கான கட்டணத்தையும் வக்கீல் செலவையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். ஆனால் அங்கே ஆசிரியர்கள் கைக்காசைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். தொழிலாளர் துறை விசாரணைக்குப் பிறகு, 2011இல் 1,044 பேருக்கு 42 லட்சம் டாலரைத் திருப்பித் தர கவுண்டி ஒப்புக்கொண்டது.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்டனையில் இன்னொரு பகுதியும் இருந்தது: இரண்டு வருடத்துக்கு அந்த நிர்வாகம் எச்1பி மனுவே போடக் கூடாது. புதிதாக ஆள் எடுக்க மட்டுமல்ல, ஏற்கெனவே வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் விசாவை நீட்டிக்கவும் முடியாமல் போனது. விசா தேதி முடிய முடிய, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. சட்டத்தை மீறியது நிர்வாகம், பெட்டி கட்டியது ஆசிரியர்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

லூசியானாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2007 தொடங்கி அங்கே போன சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள், ஆள் சேர்த்த ஏஜென்சிக்குத் தலைக்கு ஏறத்தாழ 16,000 டாலர் கட்டினார்கள். பலருக்கு அது வட்டிக்கு வாங்கிய பணம். ஊரில் முதல் தவணையைக் கட்டிய பிறகுதான் அடுத்த தவணை எவ்வளவு என்று தெரிந்தது, இரண்டாம் வருடச் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கை ஏஜென்சி கேட்டது என்று, ஆசிரியர்கள் தாங்கள் தொடுத்த வழக்கில் சொன்னார்கள். முதல் தவணையை விட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்பானே! 2012 டிசம்பரில் நடுவர் குழு ஆசிரியர்களுக்கு 45 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

இனி இன்றைய நிலவரம். எச்1பி என்றால் மூன்றும் மூன்றும் ஆறு வருடம். பச்சை அட்டைக்கு அதிலிருந்தே முயலலாம். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அதிபரின் ஆணை, வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. எந்த அரசுப் பள்ளி அதைக் கட்டும்? ஆகவே ஏஜென்சிகள் எல்லாம் ஜே1 பக்கம் சாய்கின்றன.

ஜே1 வேலை விசா அல்ல, பரிமாற்ற விசா. கற்பித்துவிட்டு ஊர் திரும்புவார் என்ற கணக்கில் தருவது. பட்டமும் இரண்டு வருட முழுநேர அனுபவமும் வேண்டும். விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ஆசிரியராகப் பணியில் இருந்தாக வேண்டும் என்பதால், அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் நீட்டிவிடாதீர்கள். மூன்று வருடம், பள்ளி கேட்டால் மேலும் இரண்டு. அதன்பின் இரண்டு வருடம் வெளியே இருந்தால்தான் மறுபடி ஆசிரியராக ஜே1இல் போகலாம். துணைவர் அங்கே வேலை பார்க்க அனுமதி கேட்கலாம் என்பது குடும்பத்துக்கு நல்ல செய்தி. எச்1பி குடும்பத்துக்கு அது அவ்வளவு சுலபமில்லை. இன்னொரு நல்லது: ஜே1இல் போன சில நாடுகளின் குறிப்பிட்ட துறைக்காரர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்1பிக்கோ பச்சை அட்டைக்கோ போகலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. 2024 டிசம்பரில் அதிலிருந்து இந்தியாவையும் இலங்கையையும் எடுத்துவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது, ஜே1இல் சம்பளம் தருவது பள்ளி, ஸ்பான்சர் பெரும்பாலும் வேறு ஒரு அமைப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அந்த ஸ்பான்சர்தான் டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தர முடியும். அது இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போய்ப் பயனில்லை. பள்ளி மாறவும் அவர்கள் சம்மதம் வேண்டும். உள்ளூர் ஏஜென்சிக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது. நம் நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உரிமம் உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பட்டதாரிகளுக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், இந்தத் தளத்தின் பக்கமே நம் ஆசிரியர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

டீச்சரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஏஜென்சி கொடுத்த கடிதத்தை எடுத்து ஸ்பான்சர் பெயரையும் பள்ளியின் பெயரையும் வாசிக்கச் சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏஜென்சி பேரு மட்டும்தான் சார் இருக்கு."

"அப்ப நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா" என்றேன்.

(அடுத்த வாரம்: இங்கிலாந்தில் தகுதிச் சான்று)